தாலி கட்டும் நேரத்தில் யார் விலகி நிற்பது?

கல்யாணப் பத்திரிகையில் ‘காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள்’ என்று அச்சடிக்கிறோம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் தாலி கட்டுவதற்குச் செலவாவது ஒரு நிமிடம்கூட இருக்காது. கெட்டிமேளம் கொட்ட, மாப்பிள்ளை முடிச்சுப் போட, பல வீடுகளில் நாத்தனார் மீதி முடிச்சைப் போட, நாலா பக்கமிருந்தும் அட்சதை விழ, எல்லாம் முடிந்துவிடும். இந்த ஒரு நிமிடத்தைப் பார்க்கத்தான் உறவுக்காரர்கள் இரவுப் பேருந்து பிடித்து வந்திருக்கிறார்கள். இதைப் பிடிக்கத்தான் மேடை விளிம்பில் நான்கு பேர் கேமராவும் கையுமாக முண்டியடிக்கிறார்கள். முன்வரிசையில் இடம்பிடித்து உட்கார்ந்த பெரியவர்களுக்குத் தெரிவது நான்கு முதுகுகள். மண்டபங்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன: மேடைக்குப் பக்கத்தில் எல்.இ.டி. திரை. கேமராக்காரர்கள் மறைத்துக்கொண்டதை அதே கேமராக்காரர்கள் மூலமாகத் திரையில் காட்டச் சொல்லி, அதற்குத் தனி வாடகையும் கொடுக்கிறோம்.

அந்த நான்கு பேர் யார்? தமிழ்நாட்டுக் கல்யாண ஆர்டர்களில் இன்று வழக்கமாகிவிட்ட பிரிவு இது: ட்ரெடிஷனல் போட்டோ, ட்ரெடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, கேண்டிட் வீடியோ. முதல் இருவரும் ஊர் ஸ்டூடியோவிலிருந்து வந்திருப்பார்கள். மூன்றாமவர், இன்ஸ்டாகிராமில் பார்த்துப் பிடித்துப்போய் மணமக்கள் தேர்ந்தெடுத்தவர். நான்காமவர், ‘நமக்குத் தெரிஞ்ச பையன்’ என்று யாரோ சொல்லி வந்தவராக இருக்கலாம். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் தனித்தனியாக ஆள் வைத்தால் இந்தக் கணக்கு இரட்டிக்கும். 2020 ஊரடங்கில் கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று விதி வந்தபோது பரவிய நேரலை, அந்த விதி போன பின்னும் போகவில்லை. அதற்கும் ஒரு கேமரா. ஒவ்வொருவரும் தம் வேலையில் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். அவர்களுக்கு மேல் ஒருவர் இல்லை என்பதுதான் கோளாறு. கல்யாணப் போட்டோவும் வீடியோவும் ஒரே படைப்புக் குழுவின் கையில், ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது என் வாதம். ‘போட்டோ, வீடியோ, ஆல்பம், ட்ரோன் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்’ என்று விற்கிறார்களே, அதை நான் சொல்லவில்லை. அது பல சமயங்களில் நான் சொல்வதற்கு நேர் எதிரானது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கருவிகள் பெருகியதால்தான் ஆட்களும் பெருகினார்கள் என்று பொதுவாக நம்பப்படுகிறது. நடந்தது தலைகீழ். வி.எச்.எஸ். கேமரா கல்யாண மண்டபங்களுக்குள் வந்த காலத்தில் ஊர் ஸ்டூடியோக்காரர்தான் அதையும் வாங்கினார், முடியாதவர் வாடகைக்கு எடுத்தார். போட்டோவுக்கும் வீடியோவுக்கும் ஒரே கடை, ஒரே போர்டு. கூடவே ஒரு பையன் ஹாலஜன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பான். அந்தச் சூட்டில் மணமகள் வியர்த்துக் கண்ணைச் சுருக்குவதை அந்தக் கால கேசட்டுகள் எல்லாவற்றிலும் பார்க்கலாம். 2008-ல் நிகான் டி90, கேனான் 5டி மார்க் 2 ஆகிய கேமராக்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. போட்டோ எடுக்கும் கேமராவிலேயே வீடியோ. கேனானில் அது முழு எச்.டி. தரத்தில். பெரிய சென்சாரும் நல்ல லென்சும் இருந்ததால் முகம் மட்டும் துலங்கிப் பின்னணி கலங்கும் சினிமாத் தோற்றம் சாதாரண பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது. அதாவது, இரண்டு கருவிகள் ஒரே கருவியானது இந்தக் காலத்தில்தான். தொழில் நான்காகப் பிளந்ததும் இதே காலத்தில்தான். ஐ.டி. வேலையில் இருந்துகொண்டே கேமரா வாங்கிய இளைஞர்கள் பலர், தனிக் கலைஞர்களாக, ‘கேண்டிட்’ என்ற பெயரோடு கல்யாணங்களுக்குள் வந்தார்கள். அவர்கள் தங்களுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டதும், அதுவரை வெறும் போட்டோகிராபராக இருந்தவர் ‘ட்ரெடிஷனல்’ ஆகிவிட்டார். பிரித்தது சந்தையும் அந்தஸ்தும்தான்.

புதியவர் வந்ததும் பழையவரை ஏன் நிறுத்தவில்லை? இருவரும் வெவ்வேறு ஆட்களுக்கு வேலை செய்கிறார்கள் என்பதால். மேடையில் வரிசையாக ஏறி, மணமக்களுக்கு இருபுறமும் நின்று, நேராகப் பார்த்து எடுத்துக்கொள்ளும் படம் உறவுக்கானது. யார் வந்தார்கள், எந்தச் சித்தப்பா வரவில்லை, விட்டுப்போன பேச்சுவார்த்தை எந்தக் கல்யாணத்தில் சேர்ந்தது என்பதெல்லாம் இருபது வருடம் கழித்தும் அந்த ஆல்பத்தைப் புரட்டித்தான் பேசப்படும். வெளிநாட்டில் இருக்கும் கணவரிடம் போக மனைவி விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது இணைப்பதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட படத்தைத்தான். கேண்டிட் படம் மணமக்களுக்கானது: தலை பின்னும்போது அக்கா சிரித்தது, கன்னிகாதானத்தில் அப்பாவின் கை நடுங்கியது. இரண்டுமே தேவைதான். இதில் ஒன்றைக் கலை என்றும் மற்றதைக் கடமை என்றும் தரம்பிரித்து இரண்டு கூலி கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நூறு பேரைக் கண் மூடாமல், யாரும் யாரையும் மறைக்காமல், பந்திக்கு நேரமாகிறது என்று அவர்கள் முறைப்பதற்குள் எடுத்து முடிப்பதும் திறமைதான். (பந்தியில் இலைக்கு எதிரே வீடியோ கேமராவை நீட்டும் வழக்கத்தை மட்டும் எந்தத் திறமையின் பெயராலும் காப்பாற்ற முடியாது. வாயில் சோற்றோடு சிரிக்கச் சொல்வது எந்த மரபிலும் இல்லை.)

இனி மேடைக்கு வருவோம். போட்டோவுக்கும் வீடியோவுக்கும் முதல் தகராறு வெளிச்சத்தில். ஃபிளாஷ் ஒளி நீடிப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடக் குறைவு. வீடியோ எடுக்கும்போது பெரும்பாலான கேமராக்களின் சென்சார் ஒரு காட்சியை ஒரே வீச்சில் பதிவதில்லை. மேலிருந்து கீழே வரி வரியாகப் படித்துக்கொண்டு வருகிறது. படித்துக்கொண்டிருக்கும் நடுவில் பக்கத்தில் ஒரு ஃபிளாஷ் வெடித்தால், அந்த ஃபிரேமில் பாதி வெளுத்தும் பாதி இயல்பாகவும் ஒரு பட்டை விழும். சாதாரண வேகத்தில் ஓடும் படத்தில் அது ஒரு சிமிட்டலாகக் கடந்து போகும். ஆனால் தாலி கட்டுவதை யாரும் சாதாரண வேகத்தில் எடுப்பதில்லையே! நொடிக்கு 100 ஃபிரேம் வீதம் எடுத்து 25 வீதம் ஓட்டினால், மெதுவாக நகரும் அந்தக் காட்சியில் பட்டை இன்னும் உறுத்தலாகத் தெரியும். இரண்டு போட்டோகிராபர்கள் மாறி மாறி ஃபிளாஷ் போட்டால், முடிச்சுப் போடும் அந்தக் காட்சி மின்னலடிக்கும் வானம்போல் ஆகிவிடும். வீடியோக்காரருக்கும் இதில் பங்குண்டு. அவர் முகத்துக்கு நேரே கொண்டுவந்து வைக்கும் எல்.இ.டி. பேனல், பக்கவாட்டு வெளிச்சத்தில் முகத்தின் மேடுபள்ளத்தைக் காட்ட நினைத்த போட்டோகிராபரின் படத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. இன்றைய கேமராக்களில் ஐ.எஸ்.ஓ.-வை 3200-க்கு ஏற்றினாலும் படம் கெட்டுப்போவதில்லை. எனவே தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் ஃபிளாஷை அணைத்துவிட்டு, இருவருக்கும் ஒத்துவருகிற இடத்தில் ஒரே நிலையான விளக்கை உயர்த்தி வைத்தால் போதும். தீர்வு அவ்வளவு எளிது. ஆனால் ‘ஃபிளாஷை அணையுங்கள்’ என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? வேறு கடையின் ஆளிடம் அதைச் சொன்னால் ‘என் படம் கறுத்துப் போனா நீ பதில் சொல்வியா?’ என்று திருப்பிக் கேட்பார். அவர் கேட்பது நியாயமும்கூட.

இரண்டாவது தகராறு நிறத்தில். காஞ்சிபுரத்தில் போய் நாள் முழுக்க உட்கார்ந்து எடுத்த கூறைப்புடவை ஆல்பத்தில் அரக்காகவும் வீடியோவில் செங்கல் நிறமாகவும் இருப்பதைப் பல வீடுகளில் பார்க்க முடியும். மேடையில் மஞ்சள் விளக்கு சுமார் 3200 கெல்வின், ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் சுமார் 5600 கெல்வின், அலங்காரக்காரர் போட்ட ஊதா விளக்கு எந்தக் கணக்கிலும் சேராது. இதில் எதை வெள்ளை என்று கொள்வது என்பதை ஒவ்வொரு கேமராவும் தன் போக்கில் தீர்மானித்தால், நான்கு புடவைகள்தான் கிடைக்கும். இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. போட்டோகிராபர் ‘ரா’ கோப்பில் எடுப்பதால் நிறத்தைப் பிறகு கணினியில் பெருமளவு திருத்திக்கொள்ளலாம். கல்யாண வீடியோ பெரும்பாலும் சுருக்கப்பட்ட வடிவத்தில் பதிவாவதால் அவ்வளவு இடம் கிடைக்காது. ஆகவே நிறத்தைப் பொறுத்தவரை வீடியோவின் தேவை முந்தி, போட்டோ அதை அனுசரித்துப் போகலாம்.

நிற்கும் இடம் என்று வந்தால் வரிசை மாறும். அகன்ற லென்ஸ் மாட்டிய போட்டோகிராபர் மணமக்களுக்கு நாலடி தூரத்துக்குப் போனால்தான் அவருக்குப் படம். அதே சமயம் மண்டபத்தின் நடுவிலிருந்து டெலி லென்சில் எடுக்கும் வீடியோக்காரருக்கு அந்த நாலடியில் நிற்பவரின் முதுகுதான் படம். தாலி கட்டும் கணத்தில் நான் போட்டோவுக்கே முன்னுரிமை கொடுப்பேன். காரணம் ரசனை சார்ந்ததல்ல. கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு அதை நிறுத்தியது. நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் கல்யாண கேசட்டுகளை ஓட்டிப் பார்க்க இன்று கருவி தேடி அலைய வேண்டும். கிடைத்தாலும் நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கும். மாறாக, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப் போனபோது பல தலைமுறைக்கு முந்தைய படங்கள் அவர்கள் கைக்குக் கிடைத்தன. காகிதத்தில் இருந்தது தங்கியது. ஊஞ்சல் பாட்டு, சப்தபதி, மாலை மாற்றும்போது மாமன்மார் தோளில் தூக்கி ஆடும் ஆட்டம் என்று வரும்போது வீடியோவுக்குத்தான் முன்னுரிமை. அங்கே போட்டோகிராபர் பின்வாங்க வேண்டும். இப்படிச் சடங்குக்குச் சடங்கு யார் முந்துவது, யார் விலகுவது என்று முந்தின நாள் மாலையே ஒருவர் தீர்மானித்து வைத்திருக்க வேண்டும். நான்கு பேரும் நல்லவர்களாக இருப்பதால் இது தானாக நடந்துவிடாது.

மேளத்துக்குச் சொல்லும்போது நாகஸ்வரத்தை ஓர் ஊரிலும் தவிலை இன்னோர் ஊரிலும் பேசி அமர்த்துகிறோமா? செட்டாகத்தான் சொல்கிறோம். புரோகிதர் கை காட்டியதும் கெட்டிமேளம் எல்லா வாத்தியத்திலும் ஒரே கணத்தில் எழ வேண்டும் என்பது நமக்குத் தெரியும். திரைப்படத் தளத்திலும் ஒளிப்பதிவாளர் ஒருவர், ஸ்டில் போட்டோகிராபர் வேறொருவர். இருவரும் இயக்குநர் ஒருவரின் கீழ். ஒத்திகையிலோ ஷாட் ஓகே ஆன பின்போ ஸ்டில் எடுத்துக்கொள்வார்கள். ஸ்டில் எடுப்பவர் நடிகருக்கும் கேமராவுக்கும் நடுவில் போய் நின்றார் என்று கேள்விப்பட்டிருக்க மாட்டோம். மறுபடி எடுக்க வசதியுள்ள சினிமாவிலேயே இந்த ஒழுங்கு இருக்கிறது. மறுபடி எடுக்கவே முடியாத கல்யாணத்தில் இல்லை. முடியாது என்று சொன்னேன். ஆனால் ‘ஐயரே, ஒரு நிமிஷம், மாப்பிள்ளை கையை அப்படியே வைங்க, இங்க பாருங்க’ என்று முகூர்த்தத்தையே நிறுத்திவைக்கிற துணிச்சலும் நம் மண்டபங்களில் பழகிப்போயிருக்கிறது. நான்கு பேர் நான்கு திசையிலிருந்து கூப்பிட, மணமக்கள் நான்கு பக்கமும் திரும்பி அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார்கள்.

சரி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன். ‘இன்று 4கே வீடியோ இருக்கிறதே, அதிலிருந்து வேண்டிய படத்தை உருவிக்கொள்ளலாமே, ஒரே ஆள் போதாதா?’ என்பது ஒன்று. 4கே ஃபிரேம் ஒன்றின் அளவு 3840-க்கு 2160 புள்ளிகள். சுமார் 83 லட்சம். ஆல்பத்தில் இரண்டு பக்கமும் விரியும் 12-க்கு 36 அங்குலப் படத்தில் அதைப் போட்டால் அங்குலத்துக்கு 107 புள்ளிகூடத் தேறாது. நல்ல அச்சுக்கு 300 வேண்டும் என்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் அசைவு. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவுக்கு ஷட்டர் வேகம் ஐம்பதில் ஒரு பங்கு நொடி என்று வைப்பது வழக்கம். அப்போதுதான் அசைவு இயல்பாகத் தெரியும். அந்த வேகத்தில் முடிச்சுப் போடும் விரல்கள் கலங்கித்தான் பதிவாகும். போட்டோவுக்கு அதைப்போல் நாலைந்து மடங்கு வேகம் வேண்டும். ஆகவே ஒரே ஆள் ஒரே கேமராவில் இரண்டையும் செய்வது மிச்சப்படுத்தலே ஒழிய நான் சொல்லும் ஒருங்கிணைப்பு அல்ல. ஆட்கள் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும். தலைமை ஒன்றாக வேண்டும்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் கலைஞர்களிடமிருந்து வருகிறது. போட்டோகிராபரின் கண் வேறு, ஒளிப்பதிவாளரின் கண் வேறு. ஒருவர் கணத்தை நிறுத்துகிறவர், மற்றவர் ஓட்டத்தைத் தொடர்கிறவர். இருவரையும் ஒரே பட்டியில் கட்டினால் இரண்டும் கெடும் என்கிறார்கள். கண் வேறு என்பதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் இன்றைய கல்யாண வீடியோ அந்த வேறுபாட்டைக் காப்பாற்றியிருக்கிறதா? கேண்டிட் வீடியோ என்று கையில் கிடைப்பது என்ன? மெதுவாகத் திரும்பும் முகம், மெதுவாக விழும் அட்சதை, மேலே ஒரு சினிமாப் பாட்டு. அது அசைகிற போட்டோதான். பக்கத்துக் கடையின் போட்டோகிராபரோடு போட்டி போட்டுக்கொண்டு அவர் எடுத்ததையே இவரும் எடுத்திருக்கிறார். போட்டோவுக்கு எட்டாத, வீடியோவுக்கு மட்டுமே எட்டுகிற செல்வம் ஒன்று உண்டு: ஒலி. பெண்ணைக் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது அப்பாவின் குரல், நலங்கில் பாட்டிமார் எடுத்துவிடும் கேலி, மந்திரத்தைத் திருப்பிச் சொல்லத் தடுமாறும் மாப்பிள்ளை. இதையெல்லாம் பிடிக்க மாப்பிள்ளையின் துண்டிலோ அப்பாவின் சட்டையிலோ ஒரு சின்ன மைக் வைக்க வேண்டும். தவில் உச்சத்துக்குப் போகும்போது பதிவு உடையாமல் அளவைக் குறைத்து வைக்க வேண்டும். முக்கியமாக, ‘சார், இங்க பாருங்க’ என்று போட்டோகிராபர் கத்தாமல் இருக்க வேண்டும். அந்தக் கத்தல் விழுந்துவிடுவதால்தான் அசல் ஒலியைத் துடைத்துவிட்டுப் பாட்டைப் போட்டு மூடுகிறார்கள். பிறகு அந்த வீடியோவை யூடியூபில் ஏற்றும்போது பாட்டுக்கு உரிமை கோரி இசை நிறுவனத்தின் அறிவிப்பு வந்து நிற்கும். அழகான கணத்தைப் போட்டோ பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை வீடியோக்காரருக்கு இருந்தால்தான் அவர் குரலின் பின்னால் போவார். அந்த நம்பிக்கை ஒரே குழுவுக்குள்தான் வரும். இரண்டு கலைகளும் தனித்தன்மையோடு இருக்கத்தான் ஒரே தலைமை வேண்டும் என்கிறேன்.

படத்தொகுப்பிலும் இதன் பலன் தெரியும். முந்தின நாளே எல்லாக் கேமராக்களின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்குத் திருப்பி வைப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டால், நான்கு கடைகளிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான கோப்புகளில் காசி யாத்திரைக்கு முன்னால் தாலி கட்டு வந்து நிற்கும்.

இப்போது பேக்கேஜ் விஷயம். சேர்த்து எடுப்பதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிக உண்மையானது இதுதான்: ‘ஒரே குழு’ என்று சொல்லி அட்வான்ஸ் வாங்குவார்கள், கல்யாணத்தன்று வருகிற நான்கு பேரும் ஒருவரை ஒருவர் அன்றுதான் முதல்முறை பார்த்திருப்பார்கள். இதை வெறும் ஏமாற்று என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். காரணம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் பெரும்பாலான வீடுகளில் கல்யாணம் இல்லை. மற்ற மாதங்களிலும் முகூர்த்த நாட்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. அதிலும் ஞாயிற்றுக்கிழமையில் வருகிற வளர்பிறை முகூர்த்தத்துக்கு ஊரில் ஒரு மண்டபமும் காலியிருக்காது. ஸ்டூடியோவுக்கு ஒரே நாளில் மூன்று நான்கு ஆர்டர்கள் வரும். அடுத்த மாதம் ஒன்றும் வராது. இந்த நிலையில் நான்கு பேரை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள யாரால் முடியும்? ஆகவே முதலாளி ஆர்டரை மட்டும் பிடித்துவிட்டு, நாள் கூலிக்கு ஃப்ரீலான்சர்களை அனுப்புகிறார். அவர்களுக்கு மணமக்களின் பெயர்கூட மேடைக்குப் பின்னால் பூவில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் தெரியும். எந்தத் தாத்தாவுக்கு நடக்க முடியாது, எந்த அத்தை கணவரை இழந்தவர் என்று மேடையேறத் தயங்கி ஓரமாக நிற்கிறார், அவரை எப்படி முகம் கோணாமல் படத்துக்குள் கொண்டுவருவது என்பதெல்லாம் எப்படித் தெரியும்? பில் ஒன்றாக இருக்கிறது, குழு இல்லை. தனித்தனியாக நான்கு பேரை அமர்த்துவதைவிட இது மோசம் என்றுகூடச் சொல்வேன். அங்கே குறைந்தபட்சம் ஒவ்வொருவரும் தம் பெயருக்காவது பொறுப்பாக இருந்தார்கள். இதற்கு மருந்து, ஒருங்கிணைப்பைக் கைவிடுவது அல்ல. முகூர்த்த நாளில் ஒரே கல்யாணம் மட்டும் ஒப்புக்கொள்ளும் சிறு குழுக்களைத் தேடுவது. அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால், நான்கு பேருக்குத் தனித்தனியாகக் கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பெரிய நகரக் கம்பெனிகள் வந்து ஊர் ஸ்டூடியோவை விழுங்கிவிடும் என்ற கவலையும் உண்டு. எனக்கு மாறாகத் தோன்றுகிறது. அண்ணன் போட்டோ, தம்பி வீடியோ, வீட்டம்மா கணினியில் ஆல்பம் டிசைன் என்று நடக்கிற ஊர் ஸ்டூடியோதான் பிறவியிலேயே ஒருங்கிணைந்த குழு. அவர்களுக்குக் குடும்பங்களைத் தெரியும், சாதிக்குச் சாதி மாறும் சடங்கு வரிசை தெரியும், எந்த மண்டபத்தில் எந்த ஜன்னல் வெளிச்சம் தரும் என்பதும் தெரியும். குறைவது புது ரசனையும் புது லென்சும். இந்த இரண்டும் சம்பாதிக்கக்கூடியவை. அவர்களை ‘ட்ரெடிஷனல்’ என்ற பெட்டிக்குள் போட்டு மூடியதுதான் அவர்களைத் தேய வைத்தது. அந்த வீட்டம்மாவே கேமராவைக் கையில் எடுத்தால் இன்னும் நல்லது. மணப்பெண் அலங்காரம் நடக்கும் அறைக்குள் அறிமுகமில்லாத ஆண்கள் இரண்டு பேர் கேமராவோடு நிற்பதைச் சகித்துக்கொள்ளும்படி பெண்களைப் பழக்கியிருக்கிறோமே தவிர, அங்கே ஒரு பெண் போதும் என்று கேட்கப் பழகவில்லை.

‘எல்லாவற்றையும் ஒருவரிடமே கொடுத்துவிட்டு, அவர் ஹார்ட் டிஸ்க் போய்விட்டால்?’ இந்தக் கேள்விக்கு மழுப்ப முடியாது. இரண்டு கடைகள் என்றால் ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாதுகாப்பை மேடைச் சண்டையாக விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை, கடையிலேயே வாங்கலாம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. பிடிக்கும். இரண்டு கேமராக்கள் எட்டு மணி நேரம் ஓடினால் 720 ஜி.பி. போட்டோக்களையும் சேர்த்து 2 டி.பி. டிஸ்க் ஒன்றில் அடங்கிவிடும். அந்த டிஸ்கைக் கல்யாண வீடே வாங்கிக் கொடுத்து, மண்டபத்தைக் காலி செய்வதற்கு முன் ஒரு பிரதி எடுத்துக்கொண்டால் முடிந்தது. பாத்திரக் கணக்கு, மிச்ச மளிகைக் கணக்கு எல்லாம் இரவோடு இரவாகப் பார்க்கிற நாம், இதை மட்டும் ஆறு மாதம் கழித்து ‘ஆல்பம் என்ன ஆச்சு தம்பி?’ என்று போன் செய்து கேட்கிறோம்.

பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் தகராறும் இங்கேதான் முடிகிறது. இரண்டு வீடும் தனித்தனி ஆள் வைப்பதற்குப் பெரும்பாலும் ரசனை காரணமில்லை. தங்கள் பக்கத்து ஆட்கள் ஆல்பத்தில் விட்டுப்போவார்கள் என்ற அச்சம்தான். செலவைப் பாதியாகப் பிரித்து, ஒரே குழுவிடம் இரண்டு வீட்டுப் பெயர்ப் பட்டியலையும் கொடுத்து, இரண்டு டிஸ்கில் பிரதி வாங்கிக்கொண்டால் அந்த அச்சத்துக்கு வேலையில்லை. சம்பந்திகள் கலந்து பேசி முடிவெடுக்கும் முதல் காரியமாகவும் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

சட்டமும் குடும்பத்தின் பக்கம்தான் நிற்கிறது, பலருக்கு இது தெரியாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் திரைப்பதிவுக்கும், வேறு உடன்படிக்கை இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். அந்த ‘வேறு உடன்படிக்கை’ பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கலாம். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவரோடு ஒரே ஒப்பந்தம் என்றால், உங்கள் மகளின் படம் யாருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போகலாம், போகக் கூடாது என்பதை ஒருவரிடம் எழுதி வாங்கினால் போதும். அவர் அழைத்து வருகிறவர்களுக்கும் அவரே பொறுப்பு. நான்கு ஒப்பந்தம், அதில் மூன்று வாய்மொழி என்றால், குறை வந்தால் யாரைப் பிடிப்பது? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். ஆனால் ‘வெளிச்சம் கெட்டது அவரால், என்னால் இல்லை’ என்று நான்கு பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டினால் புகாரை நிரூபிக்க முடியாமல் தவிக்க வேண்டியதுதான்.

எனவே தேதி குறித்ததும் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. அன்று வரப்போகிற நான்கு பேரின் பெயர் என்ன, அவர்கள் இதற்கு முன் எத்தனை கல்யாணங்களில் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள், அதே முகூர்த்தத்தில் இவர்கள் வேறு ஆர்டர் எடுத்திருக்கிறார்களா, மேடையில் யார் சொன்னால் யார் கேட்பார்கள், கல்யாணத்தன்று இரவு பிரதி கிடைக்குமா என்று கேளுங்கள். மாதிரி ஆல்பம் காட்டினால், அதே கல்யாணத்தின் முழு வீடியோவையும் பாட்டு இல்லாமல் ஒரு பத்து நிமிடம் போடச் சொல்லுங்கள். அவர்கள் குழுவா கூட்டமா என்பது அதிலேயே கேட்டுவிடும். சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தர மறுப்பவருக்கு, அவர் எவ்வளவு நன்றாகப் படம் எடுப்பவராக இருந்தாலும், அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.